அப்பாவுக்குப் பயணத்துக்கு ஏற்ற சின்ன சிபாப் மெஷின் வாங்கலாமா?

கேள்வி (திருமங்கலம்)

வணக்கம். அப்பாவுக்கு 63 வயது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லை. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 தடவை என்று வந்தது. இரண்டு வருடமாக, தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றடித்து மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷின் (ஏர்சென்ஸ் 10), மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க், காற்றின் பிரஷர் 12. வீட்டில் ஒரு குறையும் இல்லை. குறட்டை நின்றது, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவதும் நின்றது.

வெளியூர் போனால்தான் சிக்கல். போன மாதம் தம்பி வீட்டுக்குச் சென்னைக்கு இரவு ரயிலில் போனோம். ஏசி கோச், கீழ் பெர்த். சார்ஜிங் பாயிண்டில் மெஷினை மாட்டிவிட்டுப் படுத்தார். நடு ராத்திரியில் கரண்ட் நின்றுவிட்டது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுந்தவர், தன் குறட்டை மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று விடியும்வரை உட்கார்ந்தே வந்தார். எனக்கு அது மனதை விட்டுப் போகவே இல்லை.

தைப்பூசத்துக்கு 20 வருடமாகப் பழனிக்கு நடந்து போகிறவர். "மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கேம்மா போவது" என்று இந்த வருடம் வேண்டாம் என்கிறார். கடையில் 300 கிராம் எடையுள்ள ஏர்மினி என்ற சின்ன சிபாப் மெஷினைக் காட்டினார்கள். வாங்கிவிடலாமா?

பதில் (மேலூர்)

அவசரப்படாதேம்மா. நானும் ஆறு வருடமாக மாஸ்க் போட்டுத் தூங்குகிறவன்தான். நீ சொல்வதைப் பார்த்தால் அப்பாவைப் படுத்தியது மெஷினின் எடை இல்லை, கரண்ட். ஏர்மினிக்குள்ளும் பேட்டரி கிடையாது. அன்றைக்கு அது இருந்திருந்தாலும் அதே நேரத்தில் நின்றிருக்கும்.

ரயிலில் பாயிண்ட் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. தீப்பிடிக்கும் பயத்தில், இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை சார்ஜிங் பாயிண்டுகளை நிறுத்துவது என்று 2021 மார்ச்சில் ரயில்வே முடிவெடுத்தது. நமக்கு மெஷின் தேவைப்படும் நேரமே அதுதானே! அதனால் ரயில் கரண்டை நம்பி யாரும் படுக்கக் கூடாது என்பேன்.

முதலில் இப்போதிருக்கும் மெஷினுக்கே ஒரு பேட்டரி பார். அது 24 வோல்ட்டில் ஓடுகிறது. அந்த வோல்ட் நேராகக் கொடுக்கும் லித்தியம் பேட்டரியா என்று கேட்டு வாங்கு. அப்புறம் முக்கியமான விஷயம்: காற்றை ஈரமாக்கத் தண்ணீர் சூடாக்கும் பகுதியை அணைத்துவிட வேண்டும். கரண்டில் பெரும்பங்கை அந்தச் சூடுதான் தின்கிறது, காற்றடிக்கும் மோட்டார் இல்லை. அதை அணைத்தால் 100 வாட் ஹவருக்குள் (பேட்டரி எவ்வளவு கரண்ட் பிடிக்கும் என்ற கணக்கு) இருக்கும் பேட்டரியே ஒரு ராத்திரிக்குத் தாங்கலாம். ஊருக்குக் கிளம்பும் முன் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடு. சாய்த்துத் தூக்கினால் மெஷினுக்குள் இறங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணே. வீட்டில் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் இருக்கிறது. அது போதாதா?

பதில் (அண்ணா நகர், மூச்சுச் சிகிச்சைப் பிரிவில் டெக்னீசியன்)

போதாதும்மா. அதிலிருந்து வருவது போனுக்கான 5 வோல்ட். உங்கள் மெஷினுக்கு வேண்டியது 24. கணக்குப் போட்டாலும் 3.7 வோல்ட்டில் 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட் ஹவர்தான்.

ஏர்மினியை நான் குறை சொல்ல மாட்டேன். மாதத்தில் பத்து நாள் வெளியூரில் தங்குகிறவர்களுக்கு நல்ல மெஷின். பிரஷரும் 20 வரை போகும், அப்பாவின் 12 ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் வாங்கும் முன் அப்பாவின் மாஸ்க்கைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். அந்த மெஷின் அதைச் செய்யும் கம்பெனியின் சில மாஸ்க்குகளோடு மட்டும்தான் சேரும். பொருந்தாவிட்டால் மாஸ்க்கும் புதிதாக வாங்க வேண்டும், முகத்துக்குப் பழக வேண்டும். பயணத்துக்கு முந்தின வாரம் செய்கிற வேலையா அது? அதில் தண்ணீர்த் தொட்டி கிடையாது. நாம் விடும் மூச்சின் ஈரத்தையே பிடித்துத் திருப்பித் தரும் சின்னத் துண்டு ஒன்று இருக்கும். உறையைப் பிரித்த 30 நாளில் அதை மாற்ற வேண்டும். திரையும் இல்லை, எல்லாம் போன் செயலியில்தான். அப்பாவுக்கு அது கைவருமா என்று பாருங்கள். மூச்சை இழுக்க ஒரு பிரஷர், விட ஒரு பிரஷர் என்று தரும் பைபாப் மெஷின் போடுகிறவர்களுக்கு இது உதவாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். "நாலு நாள்தானே, மெஷின் இல்லாமல் சமாளிக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். கழற்றி வைத்த முதல் ராத்திரியே மூச்சு நிற்பது திரும்ப வந்துவிடும். 38 என்பது கடுமையான அளவு. பகலெல்லாம் வெயிலில் நடக்கிற உடம்புக்கு நல்ல தூக்கம் கட்டாயம் வேண்டும். போகும் முன் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பதில் (திருப்பரங்குன்றம்)

மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய டிரீம்ஸ்டேஷன் கோ (பிலிப்ஸின் சின்னப் பயண மெஷின்) வாங்கிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் நுரைப் பஞ்சு உதிர்ந்து மூச்சோடு போகலாம் என்று 2021 ஜூனில் பிலிப்ஸ் திரும்பப் பெற்ற மெஷின்களில் அதுவும் ஒன்று.

விமானத்தில் போனால் மெஷினைக் கைப்பையில் வைப்பது நல்லது, பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். தனி லித்தியம் பேட்டரியை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட் ஹவருக்கு மேல் 160 வரை என்றால் விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரம் கழித்து)

ஏர்மினி வாங்கவில்லை. 95 வாட் ஹவர் பேட்டரி வாங்கினோம். ஊருக்குப் போகும் முன் வீட்டிலேயே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சூட்டை அணைத்துவிட்டு, மூன்று ராத்திரி மொட்டை மாடியில் படுக்க வைத்துப் பார்த்தேன். இரவு 10:20க்குப் போட்டால் காலை ஐந்தரைவரை ஓடுகிறது. முதல் நாள் தொண்டை வறண்டது. டாக்டரிடம் கேட்டு, படுக்கும் முன் மூக்கில் சலைன் சொட்டு விட்டதும் சரியாகிவிட்டது. நடந்து போகவும் டாக்டர் சம்மதித்துவிட்டார்.

பாதயாத்திரைக் குழுவோடு சாப்பாட்டு வேன் ஒன்று போகிறது. மெஷின் அதில் வரும். பகலில் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கம் தங்கும் மண்டபங்களில் பேட்டரியைச் சார்ஜ் போட, அப்பாவோடு நடக்கும் பெரியப்பா மகன் பொறுப்பேற்றுக்கொண்டான். தூசிக்கு ஒரு ஏர் ஃபில்டர் கூடுதலாக வைத்திருக்கிறேன். அப்பா நேற்று பச்சை வேட்டியை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டார்.