சின்ன பாலே குழுவில் ஆடுகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

கேட்டவர்: ஹேரோ ராகவன்

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 12 வயது. சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் பரதம், ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருவில் பாலே என்று இரண்டும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பாலே மேல்தான் பித்து. டீச்சரும் "இவளை நிறுத்திவிடாதீர்கள்" என்கிறார். வீட்டில் பேச்சு வேறு மாதிரி. லண்டன் ராயல் பாலே ஸ்கூல் பதினோரு வயதிலேயே பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துவிடுமாம். அதைத் தவறவிட்டால் அப்புறம் பொழுதுபோக்குதான் என்கிறான் மைத்துனன்.

சமீபத்தில் பாலே பிளாக் குழுவின் நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனேன். மேடையில் ஒரு டஜன் ஆட்கள்கூட இல்லை. நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டினால் ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு பள்ளிக்கூடம். எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. இவர்கள் எல்லோரும் பதினோரு வயதில் அந்த வாசலில் நின்றவர்கள் இல்லை போலிருக்கிறதே? வேறு எந்த வழியாக வந்தார்கள்? இத்தனை சின்னக் குழுவில் பிழைப்பு எப்படி ஓடுகிறது? முப்பத்தைந்துக்கு அப்புறம் என்ன செய்வார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படிப்புதான் முக்கியம் என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். அதை வீட்டிலேயே தினமும் கேட்கிறேன்.

குரோய்டன் மாமி

ஏ லெவல் பரீட்சை முடிக்கட்டும். அப்புறம் தாராளமாக ஆடட்டும். (கடைசி வரியையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

ஊசிநூல்

மாமி சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், ராகவன் அண்ணா. நான் லண்டனில் மேடை உடைப் பிரிவில் வேலை செய்கிறவள், ஊர் பருத்தித்துறை. பாலே பிளாக்கில் வேலை செய்ததில்லை. ஆனால் அதே அளவுள்ள குழுக்கள் ஊர் ஊராகப் போகும்போது இஸ்திரிப்பெட்டியும் ஊசிநூலுமாகக் கூடப் போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மைத்துனர் சொல்வது முழுப்பொய் இல்லை. ரிச்மண்ட் பார்க்கில் ஒயிட் லாட்ஜ் என்ற கட்டிடத்தில் ராயல் பாலே ஸ்கூலின் கீழ்ப்பிரிவு இருக்கிறது. பதினோரு வயதில் சேர்க்கிறார்கள், பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். பெரிய நடனக் கம்பெனிக்குப் போகிற நேர்வழி அது. ஆனால் நீங்கள் பார்த்த குழு அந்த வழியில் கறுப்பினப் பெண்களே கண்ணில் படவில்லை என்பதால் பிறந்தது. காசா பான்சோ என்ற பெண், அப்பா டிரினிடாட்காரர், அம்மா பிரிட்டிஷ். ராயல் அகாடமி ஆஃப் டான்ஸில் பட்டப்படிப்பு படித்தபோது, இந்த நாட்டு பாலேயில் வேலை செய்கிற கறுப்பினப் பெண்களைப் பேட்டி கண்டு ஆய்வு எழுத நினைத்தார். தேடிப் பார்த்தால் பேட்டி எடுக்க ஒருவர்கூட அகப்படவில்லை. படிப்பு முடிந்த கையோடு 2001-இல் குழுவைத் தொடங்கினார். பெயரைப் பார்த்து நாம் விலகி நிற்க வேண்டியதில்லை. கறுப்பின, ஆசிய வம்சாவளிக் கலைஞர்களுக்கு என்றுதான் தொடங்கியதே.

ஆட்களைப் பாருங்கள். முத்துத்துசேலி நவம்பர். (ஆமாம், குடும்பப் பெயரே நவம்பர்தான்.) தென்னாப்பிரிக்காவில் மேற்கு கேப் மாகாணத்தில் ஜோலானி என்ற கறுப்பினக் குடியிருப்பில் வளர்ந்தவர். பாலே தொடங்கியது பதினைந்து வயதில். உங்கள் மகளைவிட மூன்று வயது மூத்த பிள்ளையாக அப்போதுதான் முதல் பாடம். கேப் டவுனில் பயிற்சி, அப்புறம் லண்டன், 2015-இல் பாலே பிளாக். அங்கே ஆடிக்கொண்டே நடனம் அமைக்கவும் ஆரம்பித்தார். 1946-இல் தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தை வைத்து 'இங்கோமா' என்று ஒரு படைப்பு, பாலேயும் ஆப்பிரிக்க நடனமும் பாட்டும் கலந்தது. அதற்கு 2020-இல், லண்டன் மேடை நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்கிற ஒலிவியர் விருது கிடைத்தது. இவருடைய தம்பி சிபேசிலே கதை நேர் எதிர். சிறுவனாக இருக்கும்போதே கனடா தேசிய பாலே பள்ளிக்குப் போய், அந்த நாட்டின் பெரிய கம்பெனியிலேயே 2021-இல் முதன்மை நடனக் கலைஞர் ஆகிவிட்டார். ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒருவர் மைத்துனர் சொல்கிற வழி, மற்றவர் அதற்கு வெளியே. இரண்டு பேரும் வடிவாக வந்துவிட்டார்கள்.

பிரேசிலில் ரியோவிலிருந்து வந்த இசபெலா கொராசி. பாடகி நீனா சிமோனின் வாழ்க்கையை வைத்து முத்துத்துசேலி அமைத்த நடனத்தில் நீனாவாக ஆடி, 2024-இல் ஒலிவியர் வாங்கினார். நூறு பேர் அளவுள்ள கம்பெனியில் இந்த மாதிரி மைய வேடம் கைக்கு வர எத்தனை படி ஏற வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் 'ஸ்வான் லேக்' மாதிரி பாலேயில் அன்னப்பறவைக் கூட்டத்தில் ஒன்றாகப் பல வருடம் நிற்க வேண்டும். சின்னக் குழுவில் ஒளிந்துகொள்ளப் பின்வரிசையே கிடையாது. முதல் நாளிலிருந்தே சபை உங்களைத்தான் பார்க்கும். சிலர் அதில் மலர்வார்கள், சிலருக்கு அது ஒத்துவராது. கூட்டத்தோடு மூச்சு விட்டு ஆடுவதில் சுகம் காண்கிற நல்ல கலைஞர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

அடுத்தவர் சிரா ராபின்சன். அமெரிக்காவில் சின்சினாட்டி ஊர். நியூயார்க்கில் டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெமில் ஆடிவிட்டு 2008-இல் லண்டன் வந்தவர். இவர் பெயர் வந்தாலே எனக்குச் சப்பாத்து ஞாபகம்தான் வரும். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், தொழில் பழக்கம்.

பாய்ன்ட் ஷூ என்பது கால்விரல் நுனியில் நின்று ஆடப் போடுகிற சப்பாத்து. கடையில் வாங்கி அப்படியே மாட்டுகிற சாமான் இல்லை. நுனிப் பெட்டி துணியும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தது. லண்டனில் ஃப்ரீட் கம்பெனி கையால்தான் செய்கிறது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு அடையாளக் குறி உண்டு, அதை அடித்தோலில் குத்திவிடுவார். பெயர் தெரியாவிட்டாலும், தனக்குப் பிடித்த குறிக்காரர் செய்ததைத்தான் கேட்டு வாங்குவார்கள் ஆடுகிறவர்கள். புது ஜோடி வந்ததும் சத்தம் குறைய நுனியைப் படிக்கட்டில் அடிப்பார்கள், உள்தகட்டை வளைப்பார்கள், ரிப்பனையும் எலாஸ்டிக்கையும் தங்கள் கையாலேயே தைப்பார்கள். இத்தனையும் செய்தது கனமான வேடமாக இருந்தால் ஒரே இரவில் நைந்துபோகும்.

நிறம் ஒரே ரோஜா நிறம். கால் கோடு இடுப்பிலிருந்து நுனிவரை அறாமல் தெரிய வேண்டும் என்பதற்காக, வெள்ளைத்தோலுக்குப் பொருந்துகிற நிறம். கறுப்பினப் பெண்கள் என்ன செய்தார்கள்? முகத்துக்குப் பூசுகிற ஃபவுண்டேஷனை வாங்கி, ஸ்பாஞ்சில் தொட்டு, சப்பாத்து முழுக்க ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். ரிப்பனுக்கும் தனியாக. தையல் இடுக்கில் ரோஜா நிறம் எட்டிப் பார்க்கும், அங்கே தூரிகை வேண்டும். ஈரம் அதிகமானால் பசை இளகிவிடும், குறைந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். காய்ந்த பிறகுதான் ரிப்பன் தைக்கலாம். ஒத்திகை முடிந்து மற்றவர்கள் காலை ஐஸில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர்கள் தரையில் செய்தித்தாள் விரித்துப் பூசிக்கொண்டிருப்பார்கள். சொந்தக் காசில் வாங்கிய மேக்கப், சொந்த நேரம். 2018-இல்தான் ஃப்ரீட், பாலே பிளாக்கோடு சேர்ந்து பழுப்பிலும் வெண்கல நிறத்திலும் பாய்ன்ட் ஷூ போட்டது. சிரா அந்த வேலையில் கூடவே இருந்தவர். உங்கள் மகளுக்கு இந்தத் தொல்லை இருக்காது. தோல் நிறத்துக்கு இறுக்குக் காலுறையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.

பிழைப்பு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பல சின்னக் குழுக்களில் வருடம் முழுக்கச் சம்பளம் கிடையாது, சீசனுக்கு ஒப்பந்தம். இடைவெளி வாரங்களில் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பார்கள், பிலாட்டீஸ் உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பார்கள். நான் கூடப் போன ஒரு பயணத்தில் ஒரு பையன் பஸ்ஸில் கணக்குப்பதிவுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே வந்தான். மான்செஸ்டரில் இறங்கியதும் புத்தகத்தை என் துணிப்பெட்டிக்குள் திணித்துவிட்டு மேடைக்கு ஓடினான். அவனுடைய வரவு செலவுக் குறிப்பேடு வெல்வெட் ஜாக்கெட்டோடு சேர்ந்து லாண்டரிக்குப் போகப் பார்த்தது! மாமிக்கு இவனைப் பிடித்திருக்கும்.

முப்பத்தைந்துக்கு அப்புறம் என்று கேட்டீர்கள். இங்கே டான்சர்ஸ் கேரியர் டெவலப்மெண்ட் என்ற அமைப்பு 1973-இலிருந்து அதற்காகவே இருக்கிறது. ஆடி ஓய்கிறவர்களுக்கு வேறு தொழில் படிக்க வழி காட்டுகிறது, பண உதவியும் உண்டு. பிசியோதெரபி, சட்டம், கேமரா என்று போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நியூஜெர்சி சபா

அக்கா சொன்ன ஹார்லெம் குழுவைப் பற்றி இரண்டு வார்த்தை. நானும் மனைவியும் அவர்கள் நிகழ்ச்சியை விடுவதில்லை.

தொடங்கியவர் ஆர்தர் மிட்செல். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெமில் வளர்ந்த ஏழைக் கறுப்பினப் பையன். அப்பா சிறைக்குப் போனதும் பன்னிரண்டு வயதில் ஷூ பாலிஷ் போட்டுக் குடும்பத்தைப் பார்த்தவர். 1955-இல் நியூயார்க் சிட்டி பாலேயில் சேர்ந்தார். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, தன் பகுதிப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்தே தீருவது என்று 1969-இல் கரெல் ஷுக் என்ற ஆசிரியரோடு சேர்ந்து இதைத் தொடங்கினார். உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய குழு. ஆனாலும் கடன் தாங்காமல் 2004-இல் ஆட்டம் நின்றது, பள்ளி மட்டும் ஓடியது. மறுபடி 2012-இல்தான் கம்பெனி எழுந்தது, முன்பு இருந்ததில் பாதி அளவுகூட இல்லாமல். ராகவன் சார், இதையும் கணக்கில் வையுங்கள். ஆடுகிறவருக்குக் கால் நன்றாக இருந்தும் குழுவுக்குக் காசு இல்லாமல் போகலாம்.

இரண்டாவது தொழில் என்றால் அங்கே வர்ஜீனியா ஜான்சன்தான் என் கட்சி. அந்தக் குழுவின் முதல் தலைமுறை ஆள். அங்கேயே ஏறத்தாழ முப்பது வருடம் ஆடினார். ஓய்வு பெற்றதும் கல்லூரியில் தகவல் தொடர்பு படித்து, 'பாய்ன்ட்' என்ற பாலே பத்திரிகைக்கு முதல் ஆசிரியர் ஆனார். மிட்செல் கூப்பிட்டதும் திரும்பி வந்து, விழுந்து கிடந்த குழுவை நிமிர்த்தியதும் இவர்தான். பத்திரிகை அலுவலகத்தில் பட்ஜெட் போட்டுப் பழகிய கை அப்போது உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

ஹேரோ ராகவன்

இருவருக்கும் மிக்க நன்றி. மைத்துனனுக்கு லிங்க் அனுப்பிவிட்டேன், பதில் இல்லை. மகள் பதினைந்து வயதுக் கதையைப் படித்துவிட்டு "அப்போ எனக்கு டைம் இருக்கு" என்று டிவி போட்டுவிட்டாள். அக்கா, இன்னொன்று மட்டும். ஒயிட் லாட்ஜ் இல்லையென்றால் 12 வயதில் இப்போது என்ன செய்வது? செலவு தாங்குமா? டீச்சர் பாய்ன்ட் ஷூ இந்த வருடம் வேண்டாம் என்கிறார், அது அவள் பின்தங்கிவிட்டாள் என்று அர்த்தமா?

ஊசிநூல்

டிவியை அணைக்கச் சொல்லுங்கள். அந்தப் பையன் பதினைந்தில் தொடங்கினான் என்றால் அதற்கு முன்பு தெருவில் ஆடிக்கொண்டேதான் இருந்தான்.

ஷூ விஷயத்தில் டீச்சர் சொல்வதைக் கேளுங்கள். கணுக்காலும் முதுகும் பலம் வராமல் நுனியில் ஏறினால் வளர்கிற எலும்புக்குக் கேடு. அவசரப்பட்டு ஏற்றிவிடுகிற டீச்சர் கிடைத்தால்தான் நீங்கள் பயப்பட வேண்டும். பின்தங்கல் ஒன்றும் இல்லை.

செலவுக்கு, அரசாங்கத்தின் மியூசிக் அண்ட் டான்ஸ் ஸ்கீம் என்று இருக்கிறது. வீட்டு வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருவார்கள். ஒயிட் லாட்ஜ் மட்டும் இல்லை, பர்மிங்ஹாமில் எல்ம்ஹர்ஸ்ட், ஹெர்ட்ஃபர்ட்ஷையரில் டிரிங் பார்க் இரண்டும் அதில் வரும். பதினோரு வயதில்தான் என்று இல்லாமல் மேல் வகுப்புகளுக்கும் ஆடிஷன் வைப்பார்கள். பிள்ளையை விட்டுப் பிரிய மனமில்லை என்றால் சி.ஏ.டி. (சென்டர்ஸ் ஃபார் அட்வான்ஸ்ட் டிரெயினிங்) திட்டம் உண்டு. சாதாரணப் பள்ளிக்குப் போய்க்கொண்டே வார இறுதியில் பயிற்சி. லண்டனில் தி பிளேஸ், டிரினிட்டி லாபன் என்ற நடன நிலையங்களில் இருக்கிறது, இரண்டுமே கன்டெம்பரரி, அதாவது நவீன நடனத்தின் பக்கம் சாய்ந்தவை. உங்கள் மகள் பாலேதான் என்று பிடிவாதமாக இருந்தால் அந்த வகுப்போடு டீச்சரின் பாடத்தையும் விடக் கூடாது. பதினாறில் சென்ட்ரல் ஸ்கூல் ஆஃப் பாலே போன்ற இடங்களின் வாசல் மறுபடி திறக்கும். அதாவது பதினாறு வயதில் எழுதுகிற ஜி.சி.எஸ்.இ. பரீட்சை முடித்த பிறகு.

பரதத்தையும் நிறுத்த வேண்டாம் என்பது என் எண்ணம். தாளமும் முகமும் அதில் வருவது போல பாலே வகுப்பில் இந்த வயதில் வராது. ஆனால் முழங்கால் வலிக்கிறது என்று சொன்னால் பரதத்தில் முழங்காலை மடித்து நிற்கிற அரைமண்டியைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, நடனக்காரர்களைப் பார்த்துப் பழகிய பிசியோவிடம் கூட்டிப்போங்கள். இரண்டு டீச்சருக்கும் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியட்டும்.

குரோய்டன் மாமி

கணக்குப்பதிவுப் பையன் பாஸ் ஆனானா?

ஊசிநூல்

ஆனான் மாமி. இப்போது என் வரிக் கணக்கை அவன்தான் பார்க்கிறான்.