நீருக்கு நடுவே எல்லைகள் கூடும் புள்ளி: தேடிப் போனவர்கள் எழுதுங்கள்

கரைதேடி:

மலையிலோ வயலிலோ மூன்று நாடுகள் சந்தித்தால் பெரும்பாலும் அங்கே ஒரு கல் நட்டிருப்பார்கள். போனோம், தொட்டோம், படம் எடுத்தோம் என்று வந்துவிடலாம். ஆற்றுக்குள்ளோ ஏரிக்குள்ளோ கடலிலோ சந்தித்தால் அந்த வசதி கிடையாது. அப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் போனவர்கள் இங்கே எழுதுங்கள். என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுவிட்சர்லாந்தின் பாசெல் துறைமுகத்தில், ரைன் ஆற்றுக்குள் நீண்டிருக்கும் திட்டின் முனையில் வெள்ளி நிறத் தூண் ஒன்று நிற்கிறது. வருகிறவர்கள் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மூன்று நாட்டிலும் கால் வைத்தாயிற்று என்று சந்தோஷமாகக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தூண் முழுக்க முழுக்க சுவிஸ் மண்ணில்தான் நிற்கிறது. பிரான்சும் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் சேரும் இடம் அங்கிருந்து சுமார் 150 மீட்டர் தள்ளி, ஓடுகிற ஆற்றுக்கு நடுவில் இருக்கிறது.

படகில் போய்ப் பார்த்தேன். படகு மெதுவாகத்தான் போனது. ஆனாலும் கைப்பேசியில் நீலப் புள்ளி எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவிக்கொண்டே இருந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு வரைபடச் செயலிகளைத் திறந்து ஒப்பிட்டால் கோடே ஒரே இடத்தில் இல்லை! ஜிபிஎஸ் எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன, கோட்டை எங்கே வரைவது என்று ஒப்பந்தம் சொல்வதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆற்றின் நடுவா, கப்பல் போகும் ஆழமான தடமா, கரையா என்பதைப் பொறுத்துப் புள்ளியே இடம் மாறிவிடும்.

பாசெல் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஆறு போகும் திசையில் கொஞ்சம் கீழே, 2007இல் திறந்த நடைபாலம் ஒன்று ஜெர்மனியையும் பிரான்சையும் இணைக்கிறது. அதன் நடுவில் நின்று ஆறு வரும் திசையைப் பாருங்கள். இடது கை ஜெர்மனி, வலது கை பிரான்ஸ், நேர் எதிரே சுவிஸ் துறைமுகம். நான் நின்றபோது ஒரு சரக்குப் படகு துறைமுகத்திலிருந்து வெளியே வந்து, நீரோட்டத்தில் பக்கவாட்டாகச் சாய்ந்து, ஆற்றை அடைத்துக்கொண்டு திரும்பியது. திரும்பி முடிப்பதற்குள் அது மூன்று நாட்டு நீரையும் தொட்டிருக்கும். தூணருகே நின்றதைவிட அப்போதுதான் எனக்கு அந்த இடம் புரிந்தது.

தெற்குப்பயணி:

நான் போனது கசுங்குலா. ஜாம்பேசி ஆறும் சோபே ஆறும் கூடும் இடம். ஜாம்பியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, நமீபியா நான்கும் அங்கே ஒரே புள்ளியில் சேர்கின்றன என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை. மும்முனைப் புள்ளிகள், அதாவது மூன்று நாடுகள் சேரும் இடங்கள், இரண்டு இருக்கின்றன. அவற்றுக்கு இடையே ஜாம்பியாவும் போட்ஸ்வானாவும் சுமார் 150 மீட்டருக்கு ஆற்றுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அந்த 150 மீட்டருக்காக 1970இல் தகராறே வந்தது. அப்போது நமீபியா தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்தது. நான்கு நாடுகளும் ஒரே புள்ளியில் சேர்வதால் போட்ஸ்வானாவுக்கும் ஜாம்பியாவுக்கும் பொது எல்லையே கிடையாது, நடுவில் ஓடும் படகுச் சேவை சட்டவிரோதம் என்றது தென்னாப்பிரிக்கா. போட்ஸ்வானா அதை ஏற்கவே இல்லை. இன்று அந்த ஆற்றின் மேல் 923 மீட்டர் நீளப் பாலம் இருக்கிறது. 2021 மே மாதம் திறந்தார்கள். வண்டியில் போகும்போதே பாலம் வளைவது தெரியும். ஜிம்பாப்வே எல்லைக்குள் போய்விடாமல் இருக்க அப்படிக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கு இவ்வளவு கான்கிரீட் ஒதுங்கிப் போயிருப்பதைப் பார்த்தபோது சிலிர்த்துவிட்டது.

கடலோடி:

கடலில் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் 1976 ஜூலையில் ஒப்பந்தம் போட்டு, மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே ஒரு புள்ளியைக் குறித்தன. வடக்கு 4 டிகிரி 47.04 நிமிடம், கிழக்கு 77 டிகிரி 1.40 நிமிடம். மூன்று நாட்டுக் கரையும் அங்கிருந்து ஏறத்தாழ 200 கடல் மைல் தொலைவில். மாலத்தீவின் ஒன்றரை டிகிரி கால்வாயைத் தாண்டி வடகிழக்காக வந்த ஒரு பயணத்தில், இரவுக் காவல் நேரத்தில் மின்வரைபடத்தில் அதைக் குறித்து வைத்திருந்தேன். பாதையிலிருந்து விலகி நேராக அதன் மேல் போக முடியாது. திரையில் அந்தக் குறி மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து பின்னால் போனது. வெளியே கும்மிருட்டு, ஒரு விளக்குகூட இல்லை.

இதைத் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 4 டிகிரி 47.04 நிமிடம் என்பதை அப்படியே 4.4704 என்று தட்டினால் முப்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். 47.04ஐ 60ஆல் வகுத்து 4.784 என்று போட வேண்டும். இன்னொன்று, ஒரு நிமிடத்தில் நூறில் ஒரு பங்கு என்றால் சுமார் 18 மீட்டர். அதற்கு மேல் துல்லியம் ஒப்பந்தத்திலேயே கிடையாது. கைப்பேசி காட்டும் ஆறு தசமத்துக்கு அங்கே அர்த்தமே இல்லை.

கரைதேடி:

கடலோடி, நீங்கள் சொன்னதற்கு நேர் எதிர் சாட் ஏரி. கேமரூன், நைஜீரியா, சாட் சேரும் புள்ளியைச் சர்வதேச நீதிமன்றம் 2002 தீர்ப்பில் கிழக்கு 14 டிகிரி 4 நிமிடம் 59.9999 விநாடி என்று எழுதியிருக்கிறது. 14 டிகிரி 5 நிமிடத்துக்கு மூன்றே மில்லிமீட்டர் குறைவு! ஏரியோ 1960களுக்குப் பிறகு வெகுவாகச் சுருங்கிவிட்டது.

மோசல்வாசி:

லக்சம்பர்க்கின் ஷெங்கன் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1985 ஜூன் 14 அன்று, ஐரோப்பிய நாடுகளுக்கு இடையே எல்லைச் சோதனையை விலக்கும் ஷெங்கன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அங்கே மோசல் ஆற்றில் ஒரு கப்பலில். பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க் கூடும் இடம் என்பதால்தான். ஆனால் அங்கே ஆறு ஜெர்மனிக்கும் லக்சம்பர்க்குக்கும் முழு அகலத்துக்கும் பொதுச்சொத்து, 1816 ஒப்பந்தத்திலிருந்தே. ஆகவே பிரான்சின் எல்லை ஒரு புள்ளியில் முட்டுவதில்லை, கரையிலிருந்து கரை வரை ஒரு கோடாகவே முட்டுகிறது. பாலத்தில் நின்றுகொண்டு எதைப் படம் எடுப்பது என்று தெரியாமல் ஆற்றின் முழு அகலத்தையும் எடுத்தேன்.

கான்ஸ்டன்ஸ் ஏரி இன்னும் மோசம். அதன் பெரிய பகுதியில் எல்லை எங்கே என்று ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் ஒப்புக்கொண்டதே இல்லை. தேடுவதற்கு அங்கே ஒரு எண்கூடக் கிடையாது.

கரைதேடி:

அருமை. இகுவாசு ஆறு பரானாவில் கலக்கும் இடத்துக்கு யாராவது போயிருக்கிறீர்களா? பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே மூன்றும் தத்தம் கரையில் கொடி நிறத்தில் தூண் நட்டிருக்கின்றன. ஒவ்வொரு தூணிலிருந்தும் மற்ற இரண்டின் திசைக்கோணத்தைக் குறித்துப் போட்டால், நடுவில் இரண்டு ஆறும் கூடும் இடத்தை நாமே வரைந்து பார்க்கலாம்.