போஸ்ட்-கமிட் தோற்றால் கமிட்டும் போச்சா?

பழையசர்வர்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "சப்வெர்ஷனில் போஸ்ட்-கமிட் ஹூக்கின் கடைசியில் எக்சிட் 1 போடுங்கள், தப்பான கமிட் உள்ளே வராது." படித்ததும் டீ புரையேறிவிட்டது. புதியவர்களுக்கு: சப்வெர்ஷன் என்பது நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள். ஒரு மாற்றத்தைப் பதிவது கமிட், அப்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட் ஹூக், எக்சிட் 1 என்பது அந்த ஸ்கிரிப்ட் 'தோற்றேன்' என்று சொல்லும் எண். கமிட் பதிவாகி அதற்கு ரிவிஷன் எண் விழுந்த பிறகுதான் போஸ்ட்-கமிட் ஸ்கிரிப்ட் ஓடவே தொடங்கும். தாலி கட்டியாச்சு, இனிமேல் பெண் பார்த்து என்ன பயன்? தடுக்க வேண்டுமானால் பதிவுக்கு முன்பே ஓடும் ப்ரீ-கமிட் ஹூக்.

குமிழ்: எழுதியது நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். "போஸ்ட்-கமிட் ஹூக் ஃபெயில்டு" என்று என் திரையிலேயே வந்தது. ஃபெயில்டு என்றால் தோல்விதானே?

பழையசர்வர்: தோற்றது ஹூக். அதற்கு மேலேயே "கமிட்டட் ரிவிஷன் 412" மாதிரி ஒரு வரி இருந்திருக்குமே, அது கண்ணில் படவில்லையா?

குமிழ்: எனக்கு வந்தது எக்சிட் கோட் 255. நீங்கள் 1 பற்றியே பேசுகிறீர்கள்.

பழையசர்வர்: 255 வந்து, கூடவே ஒரு வரி அவுட்புட்டும் இல்லையென்றால் பெரும்பாலும் ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை. அதை ஓட்டுவதற்கான எக்சிக்யூட் அனுமதி கொடுத்தீர்களா? இன்னொன்று: ஹூக் ஓடும்போது என்விரான்மென்ட் (சூழல் மாறிகள்) காலி, கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் கூட இருக்காது. எல்லாக் கட்டளைக்கும் முழுப் பாதை எழுதுங்கள். பிழைச் செய்தியை எஸ்டிடி-எர்ருக்கு (பிழை வெளியீடு) அனுப்புங்கள். எஸ்டிடி-அவுட்டில் (சாதாரண வெளியீடு) போட்டால் கமிட் செய்தவருக்குப் போய்ச் சேராது. 15 வருடமாக இதே பாட்டு.

கிட்தாசன்: இன்னுமா சப்வெர்ஷன்? அதே வேலை செய்யும் கிட்டுக்கு வாருங்கள் ஐயா.

பழையசர்வர்: வந்தால்? அங்கேயும் போஸ்ட்-கமிட் எதையும் தடுக்காது. ப்ரீ-கமிட்டையோ நோ-வெரிஃபை என்ற ஆப்ஷன் போட்டு யார் வேண்டுமானாலும் தாண்டலாம். சர்வரில், வந்ததை ஏற்கும் முன் ஓடும் ப்ரீ-ரிசீவ் ஹூக் வைத்தால்தான் உண்டு. ரீபேஸ் இழையிலும் இப்படித்தான் பாதியில் நுழைந்தீர்கள்.

கிட்தாசன்: அந்த இழையில் யார் பதில் சொல்லாமல் ஓடினார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

வழிப்போக்கன்: நடுவில் ஒரு சந்தேகம். மெயில் அனுப்பும் ஹூக்கைப் பின்னணியில் ஓடவிட்டேன். ஆனாலும் கமிட் முடியாமல் நிற்கிறது.

பழையசர்வர்: எஸ்டிடி-அவுட், எஸ்டிடி-எர்ர் இரண்டையும் வேறு பக்கம் திருப்பிவிடுங்கள் தம்பி. அவை திறந்திருக்கும்வரை சப்வெர்ஷன் காத்துக்கொண்டே இருக்கும். சரி, குமிழ் எங்கே? 255 என்ன ஆயிற்று?

குமிழ்: அனுமதி கொடுத்தேன். இப்போது 1 வருகிறது. ஆக, தோல்விதான்.

பழையசர்வர்: ரிவிஷன் எண்?

குமிழ்: 413. கேள்வி அதுவல்ல.