எம்.எல்.ஏ. பதிவேட்டுக்கு கன்னடம் வாசிக்கத் தெரிந்தவர்கள் தேவை

வணக்கம். நம் தொகுதி எம்.எல்.ஏ. 2023 மே முதல் சட்டசபையில் என்ன கேட்டார், நிதியை எதற்கு ஒதுக்கினார் என்று ஒரு பதிவேடு தயாராகிறது. அவை நடவடிக்கைக் குறிப்புகள் கன்னடத்தில் இருப்பதால், பெங்களூரு அல்சூர், ஃபிரேசர் டவுன் பக்கம் கன்னடம் சரளமாக வாசிக்கும் நான்கைந்து பேர் கைகொடுத்தால் போதும்.

"எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் கிடைக்காது. குரல் வாக்கெடுப்பில் யார் பெயரும் பதிவாகாது. டிவிஷன், அதாவது யார் எந்தப் பக்கம் என்று எண்ணும் வாக்கெடுப்பு, நடந்தால் மட்டுமே பெயர் வரும். அப்போதும் கொறடா உத்தரவை மீறினால் அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்) பதவியே போகலாம். ஆகவே அது கட்சியின் ஓட்டு, அவ்வளவுதான். கேள்விகளில்தான் ஆளின் அக்கறை தெரியும். ஒவ்வொன்றுக்கும் தேதி, துறை, நட்சத்திரக் கேள்வியா இல்லையா, அமைச்சரின் பதில் ஆகியவற்றைக் குறியுங்கள். நட்சத்திரமிட்டதற்கு அவையில் வாய்மொழிப் பதிலும் துணைக் கேள்வியும் உண்டு. மற்றதற்கு எழுத்துப் பதில் மட்டும்.

தொகுதி மேம்பாட்டு நிதிக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போட வேண்டும். கட்டணம் 10 ரூபாய். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள். நிதியையும் வருகைப் பதிவையும் சேர்த்துத் திணித்தால், முதல் விஷயத்துக்கு மட்டும் பதில் தந்து மற்றதற்குத் தனி மனு போடச் சொல்லலாம். ஒதுக்கிய தொகை, செலவான தொகை இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். ஒதுக்கீடு மட்டும் வந்தால், தோண்டாத சாக்கடையும் முடிந்த வேலையாகத் தெரியும்.

ஆட்சியர் அலுவலகத்தில் எந்தப் பிரிவு இந்தக் கோப்பைக் கவனிக்கிறது என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.