இரண்டு பகடையிலும் 1 விழுந்தால் ஹாஃப்லிங் எத்தனையைத் திரும்ப உருட்டலாம்?

காரைக்குடியான்:
கானாடுகாத்தானில் நண்பர் வீட்டு வளவில் ஞாயிற்றுக்கிழமை நடந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதைப்பாத்திர ஆட்டத்தைப் பற்றி, "ஹாஃப்லிங் இரண்டு பகடையையும் திரும்ப உருட்டலாம்" என்று பள்ளத்தூர்த் தம்பி இங்கே எழுதியிருப்பதைப் படித்த பின் பேசாமலிருக்க முடியவில்லை. அவர் ஆடும் பாத்திரம் ஹாஃப்லிங், அதாவது குள்ள இனத்தவர். தரையில் விழுந்து கிடந்த எதிரியைப் பக்கத்தில் நின்று வெட்டியதால் அவருக்கு அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும் சலுகை, கிடைத்தது. இருபது முகப் பகடை இரண்டை உருட்டினார், இரண்டிலும் 1. உடனே இரண்டையும் அள்ளி மறுபடி உருட்டி, 18 விழுந்ததும் வெட்டு விழுந்ததென்று எழுதிக்கொண்டார். அட்வான்டேஜ் இருக்கும்போது திரும்ப உருட்டும் வாய்ப்பு வந்தால் இரண்டில் ஒன்றைத்தான் உருட்டலாம், எது என்பதை ஆடுபவர் தேர்ந்துகொள்ளலாம் என்று 2014 விதிநூல் ஹாஃப்லிங்கையே எடுத்துக்காட்டிச் சொல்கிறது. 2024 பதிப்பும் அதை மாற்றவில்லை. ஒரு பகடை மட்டும்.

பள்ளத்தூரான்:
அண்ணே, விதிநூலில் ஹாஃப்லிங் பற்றிய பக்கத்தில், 1 விழுந்தால் அந்தப் பகடையைத் திரும்ப உருட்டலாம் என்றுதான் இருக்கிறது. எனக்கு இரண்டில் 1 விழுந்தது, இரண்டையும் உருட்டினேன். தாயத்தில் 1, 5, 6, 12 விழுந்தவர் மறுபடி உருட்டுவதை எவரேனும் தடுத்ததுண்டா?

காரைக்குடியான்:
தாயத்தை இதில் இழுக்க வேண்டாம். அங்கே முதலில் விழுந்த எண் கையில் நிற்க, அடுத்து விழுவது அதனோடு சேர்கிறது. இங்கே பழைய எண் செத்து, புதிய எண் அதன் இடத்தில் உட்காருகிறது. இரண்டிலும் 1 விழுவதே நானூறில் ஒரு வாய்ப்பு. அதன்பின் ஒன்றை உருட்டினால் மறுபடி 1 விழுந்து வெட்டு தவறுவதற்கு இருபதில் ஒரு வாய்ப்பாவது உண்டு. இரண்டையும் உருட்டினால் அதுவும் நானூறில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு பகடை மட்டும்.

தேவகோட்டை ஆச்சி:
தாயம் என்று எழுதியதால் சொல்கிறேன், எங்கள் வீட்டில் 4 விழுந்தாலும் மறுபடி உருட்டுவோம்.

காரைக்குடியான்:
ஆச்சி, 4 விழுந்ததற்கு மறுபடி உருட்டுவதை இந்த வட்டாரத்தில் நான் எங்கும் பார்த்ததில்லை.

தேவகோட்டை ஆச்சி:
நீங்கள் பார்க்காததெல்லாம் இல்லாமல் போய்விடாது, தம்பி. என் அப்பத்தா காலத்திலிருந்து அப்படித்தான் ஆடுகிறோம்.

கோட்டையூர் வாசகன்:
ஆட்டத்தை நடத்தியவர் அனுமதித்த பிறகு இந்தப் பஞ்சாயத்து எதற்கு? விதியை இவ்வளவு உரக்கச் சொல்லும் அண்ணன், சென்ற ஆட்டத்தில் தம்முடைய பெருவாள் எதிரிக்கு விளைத்த சேதத்தைக் கணக்கிடப் பகடை உருட்டியபோது என்ன செய்தார்? 2 விழுந்தது, திரும்ப உருட்டினார். 1 விழுந்தது, மறுபடியும் உருட்டினார். ஒருமுறை திரும்ப உருட்டியபின் புதிதாக விழுந்தது 1 ஆனாலும் 2 ஆனாலும் அதையே ஏற்கவேண்டும் என்பது அவர் போற்றும் அதே 2014 நூலில் இருக்கிறது.

காரைக்குடியான்:
அந்தப் பகடை மேசையிலிருந்து கீழே விழுந்தது. கீழே விழுந்த பகடையைக் கணக்கில் எடுப்பதில்லை என்று தொடங்கும்போதே பேசி வைத்திருந்தோம். நீங்கள் வழக்கம்போல் தாமதமாக வந்ததால் அது உங்கள் காதில் விழவில்லை. நடத்துபவர் விதியை மாற்ற விரும்பினால் உருட்டுவதற்கு முன்பே அறிவிக்க வேண்டும், 18 விழுந்த பிறகு அன்று. ஒரு பகடை மட்டும்.

கோட்டையூர் வாசகன்:
கீழே விழவில்லை. தட்டின் விளிம்பில் சாய்ந்து நின்றது.

பள்ளத்தூரான்:
சாய்ந்து நின்றதை நானும் பார்த்தேன். அடுத்த ஞாயிறு இரண்டிலும் 1 விழுந்தால் இரண்டையும்தான் உருட்டுவேன்.

காரைக்குடியான்:
விதிநூலோடு வருகிறேன். ஒரு பகடை மட்டும்.