மகனுக்கு 17 வயது: ஈபி-2 வரிசையில் காத்திருப்பதா, ஈபி-5 போடுவதா?

டல்லாஸ்வாசி:
வணக்கம். அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். ஈபி-2 (வேலைவழி கிரீன் கார்டுப் பிரிவு)-இல் கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகிவிட்டது, முன்னுரிமைத் தேதி (வரிசையில் நம் இடத்தைக் காட்டும் தேதி) 2018. மகன் என்னைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறான். 21 வயதானால் எங்கள் கேஸிலிருந்து அவன் விலகிவிடுவான் என்ற கவலையில் தூக்கமே இல்லை. அப்பா திண்டிவனம் பக்கத்து நிலத்தை விற்றுத் தருகிறேன் என்கிறார். ஈபி-5 (முதலீட்டுவழி கிரீன் கார்டு) போட்டால் இப்போதைய வரிசை போய்விடுமா?

காவேரிக்கரை:
போகாது. இரண்டும் தனித்தனி மனு, ஈபி-2 பாட்டுக்கு இருக்கட்டும். ஆனால் 2018 தேதியை ஈபி-5-க்குக் கொண்டுபோக முடியாது. வரிசை பிறந்த நாட்டை வைத்துத்தான், உங்கள் மனைவி எங்கே பிறந்தவர்? குவைத், சிங்கப்பூர் என்றால் அந்த நாட்டுக் கணக்கில் நீங்களும் சேரலாம். செலவே இல்லை.

டல்லாஸ்வாசி:
இருவரும் திருச்சிதான்.

காவேரிக்கரை:
சரி, அப்படியானால் ஈபி-5 பற்றி யோசிக்கலாம். 2022 சட்டப்படி கிராமப்புறத்திலோ வேலையின்மை அதிகமுள்ள பகுதியிலோ போட்டால் 8 லட்சம் டாலர், மற்ற இடங்களில் 10.5 லட்சம். ஈபி-5 விசாக்களில் 20 சதவீதம் கிராமப்புறத்துக்கு ஒதுக்கீடு. அந்தப் பிரிவில் இந்தியாவுக்குத் தேதி தடை இல்லையா என்று இந்த மாத விசா புல்லட்டினை (எந்தத் தேதிக்காரர் வரை விசா என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் பட்டியல்) பாருங்கள். தடை இல்லையென்றால் ஐ-526ஈ (ஈபி-5 முதலீட்டு மனு)-யுடன் ஐ-485 (அமெரிக்காவில் இருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் விண்ணப்பம்)-ஐயும் சேர்த்தே போடலாம். ஐ-526ஈ நிலுவையில் இருக்கும் காலம் மகன் வயதிலிருந்து கழியும். ஆனால் அது அப்ரூவ் ஆவதற்குள் தேதி பின்னுக்குப் போனால், அப்ரூவலுக்குப் பின் காத்திருக்கும் நாட்கள் வயதில் ஏறும். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

மெட்ராஸ்கணக்கர்:
நிலத்தை விற்கும் முன் ஒரு வார்த்தை. நம் ஊர் வழக்கப்படி பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ரொக்கமாக ஒரு தொகை என்று வாங்கினால் அந்த ரொக்கம் ஈபி-5-க்கு உதவவே உதவாது. பணம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு படியாகக் காட்ட வேண்டும்: அப்பா நிலம் வாங்கிய தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, விற்பனைப் பத்திரம், வங்கியில் வந்த வரவு, வருமான வரிக் கணக்கு, உங்களுக்குக் கொடுத்த தானப் பத்திரம். முழு விலையும் வங்கி வழியாகவே வரட்டும், வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர்தான் வெளியே அனுப்பலாம். நிலத்தில் அம்மாவுக்கும் பங்கு உண்டா?

டல்லாஸ்வாசி:
உண்டு, இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா.

மெட்ராஸ்கணக்கர்:
நல்லது. மார்ச் 31-க்குள் இருவரும் ஒரு தவணை, ஏப்ரலில் இன்னொரு தவணை அனுப்பினால் 8 லட்சம் தாண்டிவிடும்.

ஹூஸ்டன்_தம்பி:
அண்ணா, முதலில் வருவது 2 ஆண்டு நிபந்தனை கிரீன் கார்டு. ஒரு முதலீட்டுக்கு 10 முழுநேர வேலைகள் உருவானதைக் காட்டினால்தான் நிரந்தரம். பணம் திரும்பும் என்று யாராவது உத்தரவாதம் தந்தால் அந்தத் திட்டத்தைத் தொடாதீர்கள். உத்தரவாதம் உள்ள பணத்தை முதலீடாகவே சட்டம் ஏற்காது. அப்பா அம்மாவுக்கு அந்த நிலம் மட்டும்தான் சொத்து என்றால் நான் போடமாட்டேன். உங்கள் மகன் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறிப் படிக்கலாம், அந்த வழி திறந்தே இருக்கிறது.

டல்லாஸ்வாசி:
வீடும் அப்பாவின் பென்ஷனும் இருக்கின்றன, நிலத்தை நம்பி அவர்கள் வாழவில்லை. தாய்ப்பத்திரத்தை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். திட்டம் விற்பவரோடு தொடர்பில்லாத வக்கீலாகப் பார்த்துப் பேசிவிட்டு, அவர் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.