கோட்டையூர்ப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வேண்டும்

ஆச்சிமார், அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். கோட்டையூரில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மாலையில் ஏழெட்டுப் பிள்ளைகள் கதை கேட்க வருகிறார்கள். எல்லாரும் ஒன்றாவது, இரண்டாவது படிப்பவர்கள். ரோஜா முத்தையா அவ்வளவு புத்தகம் சேர்த்த ஊர் இது. இவர்கள் கையில் பாடப்புத்தகம் தவிர ஒன்றுமில்லை!

எழுத்து தெரிகிறது. ஆனால் 'கொ' வந்தால் தடுமாற்றம்: கொம்பு முன்னால், கால் பின்னால், இரண்டையும் சேர்த்து ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டுமே. இதற்கு ஏதாவது விளையாட்டு தெரிந்த டீச்சர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய எழுத்து, நிறையப் படம் உள்ள பழைய புத்தகங்கள் இருந்தால் கொடுங்கள். கிழிந்திருந்தாலும் ஒட்டிக்கொள்வோம். நீதிக்கதை வேண்டாம், சிரிக்கிற கதைக்குத்தான் மறுநாளும் வருகிறார்கள். ஸ்டோரிவீவர் என்கிற கதை இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது, சரி; ஆனால் போனைக் கொடுத்தால் கதை போய் கேம் வந்துவிடும். காரைக்குடியில் எங்கே என்றாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.